அஞ்சு சனிக்கிழமைக்கு ஒரேயடியாய்

அம்பது மட்சுக்கும் கோல் கணக்கை ஒரேயடியாய் அனுப்பிப்போட்டான், விசரன். இந்தக் கிழமைக்குப் பத்து மட்ச் அனுப்பினால் காணும் எண்டது அவனுக்குத் தெரியாதே, முப்பது வருஷத்துக்கு மேலாய் அனுப்பிறவன், அதுவும் கடைசி ஆளாய், நான் ரெண்டு தரம் கேட்டு மூண்டாம் தரம் தூஷணத்தில கேட்ட பிறகு அனுப்பிறவன். நேற்று வெள்ளிக்கிழமை மத்தியானம் நான் கேக்க முதலே போன் சத்தம் போட்டுது, பாத்தால் நேவிஸ், திறந்தால் நீட்டுக்கு வருகுது, பெருவிரலால தள்ளத் தள்ள முடியேல்லை. இந்தக் கிழமை எவர்ட்டன் ரெண்டு ஃபுல்ஹம் ஒண்டு, அடுத்த கிழமை, அதுக்கடுத்த கிழமை, அப்பிடியே மே மாதம் சீசன் முடியிற கடைசி ஞாயிறு வரைக்கும். அடியில ஒரு வரி: மச்சான், இது சீசன் முடியுமட்டும், இனி என்னைக் கேட்டு மினக்கெடாதை. நான் என்ன நினைச்சன், லூர்து மாதாட்டைப் போகினமாக்கும் எண்டு நினைச்சன், ஜசிந்தா கனகாலமாய்க் கேட்டுக்கொண்டிருந்தவள், பெஞ்சாதியின்ர கரைச்சல் தாங்காமல் ஒருக்கால் கூட்டிக்கொண்டு போறான் எண்டு நினைச்சன். நினைச்சுப்போட்டு என்ன செய்தன்? ஒரு பெருவிரல் படம் அனுப்பினன். அம்பது மட்சுக்கு ஒரு பெருவிரல். அதை நினைக்க இப்ப இந்த பஸ்ஸின்ர கண்ணாடியில தலையைக் கொண்டுபோய் இடிக்கலாம் போல கிடக்கு.

இண்டைக்குக் காலமை ஜசிந்தாவுக்குப் போன் எடுத்தது வேற விஷயத்துக்கு. சனிக்கிழமை எண்டபடியால் அவன் ஆசுப்பத்திரியில மிஷினில இருப்பான், செவ்வாய், வியாழன், சனி, ஆறு வருஷமாய் அந்த மூண்டு நாளும் ரத்தம் கழுவுற நாள், கையில ஊசியைக் குத்திக்கொண்டு நாலு மணித்தியாலம் கிடப்பான், அதனால அவனுக்கு எடுக்காமல் அவளுக்கு எடுத்தன். பின்னேரம் வரட்டே எண்டு கேட்டன். அவர் வீட்டை தான் அண்ணை நிக்கிறார் எண்டாள். ஏன், நேரம் மாத்திப்போட்டாங்களே எண்டன். இல்லை அண்ணை, செவ்வாயும் போகேல்லை, வியாழனும் போகேல்லை, இனிப் போகமாட்டாராம். போகமாட்டாராம் எண்டால் என்ன பிள்ளை? நிப்பாட்டிப்போட்டார் அண்ணை, டொக்டரோட கதைச்சுக் கையெழுத்தும் வைச்சுக் குடுத்தாச்சு, நேர்ஸ் வீட்டை வந்து பாக்கிறா, ஒரு கிழமை, கூடினால் ரெண்டு கிழமை எண்டு சொல்லுகினம். இவ்வளவையும் அவள் ஒரு குரலில சொன்னாள், மரக்கறி என்ன விலை எண்டு சொல்லுற குரலில, அழேல்லை, அழுதிருந்தால் நான் ஏதும் ஆறுதல் சொல்லியிருப்பன். ஏன் பிள்ளை எனக்கு ஆரும் சொல்லேல்லை எண்டு கத்தினன். அவர்தான் அண்ணை சொல்லவேண்டாம் எண்டவர், ஞாயிற்றுக்கிழமை தானே சொல்லுவன் எண்டவர், மட்ச் எல்லாம் முடிய. மட்ச் எல்லாம் முடிய! என்ர சனிக்கிழமை பழுதாப்போகுமாம். பெரிய மனுசன். பெரிய வள்ளல்.

அவன்ர வீட்டுக்குப் போற பஸ் அசையுதில்லை. தண்ணிக் குழாய் வெடிச்செண்டு றோட்டை ஒரு பக்கம் கிண்டி வைச்சிருக்கிறாங்கள், ஒருத்தரும் வேலை செய்யேல்லை, மஞ்சள் உடுப்புப் போட்ட ஒருத்தன் கோப்பையில தேத்தண்ணி குடிச்சுக்கொண்டு கிடங்கைப் பாத்துக்கொண்டு நிக்கிறான், கிடங்குக்கை என்ன படமே ஓடுது. தற்காலிகச் சிவப்பு விளக்கு பச்சை ஆகும், மூண்டு கார் போகும், திரும்பச் சிவப்பு. கார் தேவைப்படுற நாளில கார் கராஜில திருத்தக் கிடக்குது. எனக்கு முன்னால இருக்கிறவன் வினாகிரி போட்ட உருளைக்கிழங்குப் பொரியலைக் கறுக் கறுக் எண்டு கடிக்கிறான், பஸ் முழுக்க அந்தப் புளிச்ச மணம், பதினொரு மணிக்கு ஆருக்கடா அந்தச் சாப்பாடு இறங்குது. பன்னிரண்டரைக்கு முதல் மட்ச். அதுக்கு முதல் நான் என்ர பத்தையும் போட வேணும், மற்ற ஆக்களின்ரயையும் சேத்துப் பட்டியலைக் குழுவில போட வேணும். எங்கட ஊர், பாஷையூர்ப் பொடியள் ஒன்பது பேர், பொடியள் எண்டு வாய் சொல்லுறதே தவிர எல்லாரும் அறுவதுக்குக் கிட்ட, லண்டனிலையும் கனடாவிலையும் ஒராள் நோர்வேயிலையும். கோல் கணக்கைச் சரியாய்ச் சொன்னால் மூண்டு புள்ளி, வெல்லுறது ஆர் எண்டதை மட்டும் சரியாய்ச் சொன்னால் ஒண்டு, முதல் மட்ச் தொடங்க முதல் லிஸ்ட் வராட்டில் அந்தக் கிழமை சுழியம். பரிசு ஒண்டும் இல்லை, அடுத்த வருஷம் முழுக்க மற்றவனைப் பாத்துச் சிரிக்கலாம், அதுதான் பரிசு. புள்ளி போடுறது நான். இப்ப முதலாவதாய் நிக்கிறது நேவிஸ், நூற்று எழுபத்தெட்டு, ரெண்டாவது நான், நூற்று எழுபத்துநாலு. அப்ப இனி என்ன நடக்கப்போகுது எண்டு யோசிச்சுப் பாத்தவனோ? அவன் செத்துப்போவான். செமக்காலையில கொண்டுபோய் வைச்சுப்போட்டு வருவம். அடுத்த சனி வரும். அவன் சொன்னபடி ஏதோ ஒரு ரீம் ரெண்டுக்கு ஒண்டு வெல்லும். நான் வீட்டில மேசையில இருந்து அவன்ர பேருக்கு நேரை மூண்டு புள்ளி போட வேணும். அதுக்கடுத்த சனியும். அதுக்கடுத்த சனியும். செத்தவன் என்னோட விளையாடிக்கொண்டிருப்பான், நான் அவனை முந்தப் பாடுபட்டுக்கொண்டிருப்பன். இதை அவன் யோசிக்காமல் செய்திருப்பான் எண்டு எனக்கு ஒருத்தரும் சொல்ல வேண்டாம். அவன் ஊர் ரீமில கோலி, கோல் காக்கிறவன், நான் அவனுக்கு முன்னால நிண்டு விளையாடினவன். கோலிமார் எல்லாத்தையும் பின்னால நிண்டு பாத்துக்கொண்டிருக்கிற சாதி.

சரி, என்ர பத்தையாவது போடுவம். எவர்ட்டன், ஃபுல்ஹம். ஏப்ரல் மாதத்துக் கணக்கு வேற கணக்கு. ஆகஸ்ட்டில ஆர் கெட்டிக்காரன் எண்டு பாத்தால் காணும், ஏப்ரலில ஆருக்குத் தேவை எண்டு பாக்க வேணும். நடுவில ஒன்பதாம் பத்தாம் இடத்தில நிக்கிற ரீமுக்கு மேலையும் போகேலாது, கீழையும் விழாது, அவங்கள் மனசுக்குள்ள பெட்டி அடுக்கத் தொடங்கிவிடுவாங்கள், நல்ல ரீமாய் இருந்தாலும் தோப்பாங்கள். அடியில கிடக்கிறவன், கீழ்ப் பிரிவுக்குத் தள்ளிப்போடுவாங்கள் எண்ட பயத்தில பல்லால கடிச்சுக்கொண்டு விளையாடுவான். இதெல்லாம் எனக்கு அவன் சொன்னது தான், ஆருக்குத் தேவை எண்டு பார் மச்சான், ஆர் கெட்டிக்காரன் எண்டு பாக்காதை. இப்ப அவன்ர லிஸ்ட்டைப் பார். அடியில நிக்கிற மூண்டு ரீமுக்கும் அஞ்சு கிழமையும் வெற்றி போட்டிருக்கிறான். பர்ன்லிக்கு அஞ்சு வெற்றி! இந்த வருஷம் முழுக்க அவங்கள் தொடர்ந்து ரெண்டு மட்ச் வெண்டதை நான் பாக்கேல்லை. தனக்கு ஒண்டும் வேண்டாமாம், மிஷின் வேண்டாமாம், மருந்து வேண்டாமாம், பர்ன்லி மட்டும் உயிர் தப்ப வேணுமாம். எவர்ட்டன் ஒண்டு ஃபுல்ஹம் ஒண்டு. எழுதிப்போட்டு அழிச்சன். என்ர லிஸ்ட்டில எப்பவும் டிரோ கூட, அவன் அதுக்கும் சிரிப்பான், எடேய் கிளமென்ற், உனக்கு ஆரும் தோக்கக்கூடாது என்ன, பெரிய மாதா சுரூபம் நீ. அவன்ர லிஸ்ட்டில டிரோவே இராது. ரெண்டு ஒண்டு, ஒண்டு சுழியம், மூண்டு ரெண்டு. வெட்டு ஒண்டு. அப்பிடித்தான் மிஷினையும் வெட்டிப்போட்டான்.

போன் அடிக்குது. பற்றிக். ரொறன்ரோவில இப்ப காலமை ஏழு மணியும் ஆகேல்லை, எழும்பி இருந்து மற்றவன்ர லிஸ்ட்டைப் பாத்துக்கொண்டிருக்கிறான். என்னடாப்பா கிளமென்ற், எல்லாரும் அனுப்பியாச்சாம், பட்டியலைக் காணேல்லை, உன்ரயும் காணேல்லை எண்டு தொடங்கினான். போடுவன் எண்டன். அங்கை பதினொண்டரை ஆச்சு மச்சான், சட்டம் எல்லாருக்கும் ஒண்டு தானே, போன மாதம் எனக்கு மூண்டு நிமிசம் பிந்தினதுக்குச் சுழியம் போட்டனி. சுழியத்தைக் கொண்டுபோய் உன்ர பெட்டிக்குள்ள வை, வைச்சுப் பூட்டு எண்டு கத்தினன், பஸ் முழுக்கத் திரும்பிப் பாத்துது, பொரியல் கடிச்சவன் கடிக்கிறதை நிப்பாட்டிப்போட்டான். என்னடா, என்ன பிரச்சினை எண்டு பற்றிக்கின்ர குரல் மாறிப்போச்சு, வீட்டில ஏதும் சுகமில்லையே? அவனுக்கு என்னத்தைச் சொல்ல. நேவிஸ் சொல்லவேண்டாம் எண்டதை நான் ஏன் சொல்ல வேணும். இல்லை, பஸ்ஸுக்குள்ள நிக்கிறன், பிறகு எடுக்கிறன் எண்டு கட் பண்ணினன். பற்றிக்கின்ர ரத்தமும் ஓ. உது இப்ப ஏன் ஞாபகம் வருகுது. ஊரில ஆசுப்பத்திரியில ரத்தம் குடுக்கப் போனால் நானும் பற்றிக்கும் நேவிசும் ஒரு வரிசையில நிக்கிறது, மூண்டு பேரும் ஓ. உதை விடு. எவர்ட்டன், ஃபுல்ஹம்.

சனிக்கிழமை எண்டதை அவன் எனக்குப் பழக்கினது தொண்ணூற்றி ரெண்டாம் ஆண்டு. நான் வந்து இறங்கின கையோட பிடிச்சு, எயார்போட்டுக்குப் பக்கத்தில கம்பி போட்ட ஒரு கட்டடத்தில வைச்சிருந்தாங்கள், திருப்பி அனுப்பிறதோ விடுறதோ எண்டு முடிவு வரும் வரைக்கும், நாலு மாதம். நேவிஸ் எனக்கு ஒரு வருஷம் முந்தி வந்தவன். பெற்றோல் ஷெட்டில இரவு வேலை செய்துபோட்டு, நித்திரை கொள்ளாமல், ரெண்டு ரயிலும் ஒரு பஸ்ஸும் ஏறி ஒவ்வொரு சனியும் வந்தவன், ஒரு சனியும் தவறேல்லை, பதினேழு சனி. முதல் நாள் எனக்குக் கதைக்கத் தெரியேல்லை, வாய் கட்டிப்போச்சு, அம்மாவைப் பற்றிக் கேட்டான், ஊரைப் பற்றிக் கேட்டான், நான் சுவரைப் பாத்துக்கொண்டிருந்தன். அவன் கையில இருந்த பேப்பரை விரிச்சு, இண்டைக்குப் பின்னேரம் ஆர் வெல்லுவாங்கள் எண்டு நினைக்கிறாய், லீட்ஸா செல்சியா எண்டு கேட்டான். ரெண்டு ரீமையும் எனக்குத் தெரியாது. லீட்ஸ் எண்டன். எத்தினை கோல்? ரெண்டு எண்டன். அதுதான் இந்த நாட்டில நான் வாய் திறந்து சொன்ன முதல் நல்ல வார்த்தை. அடுத்த கிழமை வந்து நீ சொன்னது பிழை எண்டு சொல்லிச் சிரிச்சான், பிறகு அந்தக் கிழமைக்குக் கேட்டான். நான் சனி எப்ப வரும் எண்டு இருந்தன், எனக்கு ஒரு நாள் கிடைச்சுது, ஏழு நாளில ஒரு நாளாவது பேர் உள்ள நாளாய் இருந்தது. வா எண்டு ஆரும் அவனைக் கேட்கேல்லை. நான் கேட்கேல்லை. களைப்பாக் கிடக்கு, வேலை முடியட்டும், அடுத்த மாதம் பாப்பம் எண்டு அவன் ஒருக்காலும் சொல்லேல்லை. சொல்லேல்லை. நாய்ப்பயல், ஏன் சொல்லேல்லை, ஒருக்கால் எண்டாலும் வராமல் விட்டிருக்கலாமே, ஒரு சனி வராமல் விட்டிருந்தால் எனக்கு இப்ப எவ்வளவு லேசாய் இருந்திருக்கும்.

பஸ் கிடங்கைத் தாண்டிப்போட்டுது. என்ர வலக்கை என்ர இடுப்புக்கு மேல, முதுகுப் பக்கம், சட்டைக்கு மேலால பொத்திப் பிடிச்சுக்கொண்டிருக்கு, நான் எப்ப கையை அங்கை வைச்சனான் எண்டு தெரியேல்லை. எடுத்தன். சரி. ஆருக்குப் பயம். நினைக்கிறன், நினைச்சால் என்ன. ரெண்டு வருஷத்துக்கு முதல் இதே ஏப்ரல், இதே சனிக்கிழமை, அவன் மிஷினால வந்து படுத்திருக்கிறான், நான் குசினிக்குத் தண்ணி குடிக்கப் போனன், ஜசிந்தா வெங்காயம் உரிச்சுக்கொண்டிருந்தவள், நிமிராமலே கேட்டாள், அண்ணை, உங்கட ரத்தமும் ஓ தானே, டொக்டர் சொல்லுறார் சொந்தக்காரர் எண்டில்லை, சிநேகிதரும் கிட்னி குடுக்கலாமாம், ஒருக்கால் ரெஸ்ற் பண்ணிப் பாக்க உங்களுக்கு மனம் வருமோ. ஒரு துண்டில நம்பர் எழுதி வைச்சிருந்தவள், சட்டைப் பையுக்கை வைச்சுக் கொண்டு நிண்டிருக்கிறாள், அதை எடுத்து மேசையில வைச்சாள். நான் என்ன சொன்னன்? சீசன் முடியட்டும் பிள்ளை எண்டன். சீசன் முடியட்டும்! என்ன சீசன், நானென்ன எவர்ட்டனுக்கு விளையாடப் போறனானே. வாய்க்கு வந்தது அது, தண்ணியைக் குடிச்சுப்போட்டு வெளியில வந்திட்டன். அந்த நம்பருக்கு ஒருக்கால் எடுத்தனான், ஆருக்கும் தெரியாது, ஜூன் மாதம், ஒரு பொம்பிளைப் பிள்ளை நல்ல குரலில உங்கட பேர் என்ன எண்டு கேட்டாள், நான் வைச்சிட்டன். கத்திக்குப் பயம். மயக்க மருந்துக்குப் பயம். திரும்பி எழும்பாட்டில்? என்ர மகள் அப்ப கடைசி வருஷம் படிச்சுக்கொண்டிருந்தவள், வேலையில லீவு கிடைக்காது, எனக்கும் அப்பாவைப் போல சீனி வருத்தம் வந்தால், ஒரு கிட்னியோட என்ன செய்வன், எல்லாம் நியாயம் தான், ஒவ்வொண்டும் நியாயம் தான், ஆனால் நான் அதில ஒண்டையும் ஒருத்தருக்கும் சொல்லேல்லையே. ஜசிந்தா திரும்பக் கேட்கேல்லை. நேவிஸ் ஒரு நாளும் அந்தக் கதை எடுக்கேல்லை, அவனுக்குத் தெரியாது எண்டு நான் வைச்சுக்கொண்டன். போன வருஷம் மாசி மாதம் அவனுக்கு நெஞ்சு பிடிச்சுது, இனி ஒப்பரேஷனை இதயம் தாங்காது, கிட்னி வைக்கேலாது எண்டு டொக்டர் சொல்லிப்போட்டார், ஜசிந்தா ஆசுப்பத்திரி நடையில நிண்டு எனக்குச் சொன்னவள். அப்ப எனக்கு முதல் வந்தது கவலை இல்லை. முதல் வந்தது நிம்மதி. ஒரு கண் மூடித் திறக்கிற நேரம் தான், ஆனால் வந்தது, நல்ல குளிர் தண்ணி குடிச்ச மாதிரி நெஞ்சுக்குள்ள இறங்கினது எனக்குத் தெரியும். பிறகு தான் அழுதனான். அந்த அழுகையைப் பாத்து ஜசிந்தா என்னைத் தேற்றினவள்.

மணியை அடிச்சன். இறங்கினன். நோர்த்தோல்ட்டில வெய்யில், ஏப்ரல் மாத வெய்யில், சூடில்லாத வெய்யில், ஆக்கள் அதுக்கே கையில்லாச் சட்டையோட திரியினம். கோவத்தோட நடக்கிறது நல்லம், கால் கெதியாய்ப் போகும். என்ன கேட்பன் எண்டு நடந்து நடந்து சேத்தன். ஆரைக் கேட்டு நிப்பாட்டினனீ. உனக்கு என்ன உரிமை. எங்களை எல்லாம் என்னெண்டு நினைச்சனீ. கதவை ஜசிந்தா திறந்தாள், மெலிஞ்சு போனாள், வாங்கோ அண்ணை எண்டாள், நான் அவளைப் பாக்காமலே உள்ளுக்குப் போனன். அவன் நீட்டுச் சோபாவில தலாணி வைச்சுச் சாய்ஞ்சிருக்கிறான், காலை ஒரு முக்காலியில வைச்சு, ரெண்டு காலும் வீங்கி விரல் எல்லாம் ஒண்டாய்ப்போய்க் கிடக்கு, முகம் மஞ்சள், கண் மட்டும் அதே கண். ரீவியில மட்சுக்கு முன்னம் கதைக்கிறவங்கள் கதைக்கிறாங்கள்.

"ஞாயிறு நானெல்லோ சொல்லுறன் எண்டனான்," எண்டு குசினிப் பக்கம் பாத்துச் சொன்னான். பிறகு என்னைப் பாத்தான். "பஸ்ஸிலயே வந்தனீ?"

"உனக்கென்ன விசரே?" எண்டன். "ஆரைக் கேட்டு நிப்பாட்டினனீ?"

"ஜசிந்தாவைக் கேட்டனான். மூண்டு நாள் அழுதவள். பிறகு சரி எண்டவள்."

"ஏன் நிப்பாட்டினனீ?"

"களைச்சுப்போனன் மச்சான். நெஞ்சு பிடிச்ச பிறகு ஒவ்வொரு தரமும் மிஷினில பிறஷர் விழுந்து போகுது. ஒரு நாள் மிஷின். அடுத்த நாள் சத்தி எடுக்கிறதும் படுக்கையும். பிறகு திரும்ப மிஷின். எனக்கெண்டு ஒரு நாள் இல்லை."

"என்னைக் கேட்டியா? முப்பது வருஷம்! ஒரு வார்த்தை என்னைக் கேட்டியா?"

"உன்னை ஏன்ரா கேக்க வேணும்?" எண்டான்.

சத்தமாய்க் கேட்கேல்லை. தெரியாமல் கேட்கிற மாதிரிக் கேட்டான். நான் நடந்து நடந்து சேத்ததெல்லாம் எங்கையோ போட்டுது. நிண்டன்.

"ரெண்டு வருஷத்துக்கு முதல் ஜசிந்தா என்னட்டை ஒண்டு கேட்டவள்," எண்டன்.

"தெரியும்."

"தெரியுமோ?"

"நான் தான் கேட்கச் சொன்னனான். எனக்கு வாய் வரேல்லை. பின்னால நிண்டு எத்தினை வருஷம் உன்னைக் கத்திக் கத்திக் கூப்பிட்டனான், இடப்பக்கம் பார், ஆளைப் பிடி, பந்தை அடி எண்டு. இதைக் கேட்க வாய் வரேல்லை." மூச்சு வாங்கினான். ஜசிந்தா குசினி வாசலில வந்து நிண்டாள். "சீசன் முடியட்டும் எண்டனியாம். சரி எண்டு இருந்தன். சீசன் முடிஞ்சுது. ஜூன் மாதம் போன் அடிச்சால் நீயோ எண்டு பாப்பன். ஜூலை. ஆகஸ்ட்டில உன்ர மெசேஜ் வந்துது. புது சீசன் தொடங்குது, லிஸ்ட்டை அனுப்பு எண்டு. அண்டைக்குப் போனைத் தூக்கிச் சுவரில எறிஞ்சனான். கேட்டுப் பார் இவளை."

ஜசிந்தா நிலத்தைப் பாத்தாள்.

"ஏன்ரா என்னைப் பேசேல்லை?" எண்டு கத்தினன். என்ர குரல் எனக்கே வடிவாயில்லை. "ஏன்ரா ஒரு நாள் எண்டாலும் பேசேல்லை? முகத்தில துப்பியிருக்கலாமே!"

"பேசினால் நீ வரமாட்டாய். உன்னை எனக்குத் தெரியும். வெக்கப்பட்டுக்கொண்டு வீட்டுக்குள்ள இருந்திடுவாய்." இப்ப அவனுக்கும் குரல் ஏறிச்சுது, கழுத்து நரம்பு தெரிஞ்சுது, ஆறு வருஷத்தில அவன் கத்தி நான் கேட்கேல்லை. "தராததுக்கு எனக்குக் கோவமில்லையடா. உன்ர உடம்பு, உன்ர விருப்பம். இல்லை எண்டு சொல்லியிருக்கலாம்! ஒரு சொல்லு! பற்றிக்கைக் கேட்டிருப்பன். அவனும் ஓ. அந்த விசரன் அடுத்த பிளேனில வந்திருப்பான். உனக்காண்டிப் பாத்துக்கொண்டிருந்ததில நான் ஒருத்தரையும் கேட்கேல்லை. ஒருத்தரையும் கேட்கேல்லையடா நாயே. பிறகு நெஞ்சு பிடிச்சுது."

ரீவியில சனம் கைதட்டுது, ரீம் ரெண்டும் வெளியில வருகினம். ஜசிந்தா வந்து அவனுக்குத் தண்ணி குடுத்தாள், ஒரு மிடறு தான், அவன் நெஞ்சைப் பிடிச்சுக்கொண்டு குடிச்சான். எனக்குத் தெரியும் இப்ப நான் சொல்லுறது ஒண்டுக்கும் உதவாது எண்டு. மண்ணாங்கட்டிக்கும் உதவாது. பதினேழு சனிக்கும் உதவாது.

"இல்லை மச்சான்," எண்டன். "இல்லை எண்டு தான். பயமாயிருந்தது. இப்பவும் நீ கேட்டால் பயம் தான்."

அவன் கண்ணை மூடிக்கொண்டிருந்தான். என்னைப் போகச் சொல்லுவான் எண்டு நினைச்சன், சொன்னால் போறது எண்டு நினைச்சன், உண்மையில போ எண்டு மட்டும் சொல்லிப்போடக்கூடாது எண்டு கும்பிட்டுக்கொண்டு நிண்டன். என்ர பையுக்கை போன் அதிருது, பற்றிக், பட்டியலும் போடேல்லை, அதிரட்டும் எண்டு விட்டன். நேவிஸ் கண்ணைத் திறந்து ரீவியைப் பாத்தான். தலையை இடப்பக்கம் சரிச்சான், வலப்பக்கம் சரிச்சான்.

"மறைக்காதை," எண்டான். "இரு."

இருந்தன். சோபாவின்ர மற்றக் கரையில இருந்தன். அவன் முக்காலியில இருந்த காலைத் தூக்கப் பாத்தான், முடியேல்லை, நான் ரெண்டு கையாலையும் தூக்கி என்ர மடியில வைச்சன். பாரம். தண்ணி நிறைஞ்ச பாரம், தோல் இழுபட்டு மினுங்குது, நான் பிடிச்ச இடத்தில என்ர விரல் அஞ்சும் பதிஞ்சு அப்பிடியே நிக்குது, திரும்ப எழும்பேல்லை. நான் அந்தக் குழியையே பாத்துக்கொண்டிருந்தன். அவன் ரெண்டு தரம் ஏதோ சொன்னான், அந்தக் கோலி முன்னுக்கு நிக்கிறான் எண்டு ஒண்டு, மற்றது விளங்கேல்லை. எனக்குக் கோவம் போகேல்லை, அது நெஞ்சுக்குள்ள அப்பிடியே கிடக்குது, ஆனால் அதின்ர முகம் இப்ப என்னைப் பாத்துக்கொண்டு கிடக்குது. பிறகு குறட்டைச் சத்தம் கேட்டுது. வாயைத் திறந்துகொண்டு, சின்னக் குறட்டை, ஒரே சீராய். கால் அசையாமல் நான் மூச்சையும் பாத்து விட்டன்.

ரீவியில சனம் ஒரேயடியாய் எழும்பிக் கத்திச்சுது. ரிமோட் எட்டேல்லை. ஜசிந்தா கையில அகப்பையோட குசினியால ஓடிவந்து சத்தத்தைக் குறைச்சுப்போட்டு, அவனைப் பாத்தாள், அவன் எழும்பேல்லை.

"ஆர் அண்ணை அடிச்சது?" எண்டு மெல்லமாய்க் கேட்டாள்.

"நான் பாக்கேல்லை பிள்ளை," எண்டன்.